ஐம்பத்து நான்காம் எண் கணினி

"இது ராசியில்லாத சீட் போல அண்ணே. எல்லாருக்கும் ஃபைல் திறக்குது, எனக்கு மட்டும் அனுமதி இல்லைன்னு வருது" என்றாள் புதிதாகச் சேர்ந்த வரைவாளர்.

"பாஸ்வேர்டைத் தப்பா அடிச்சிருப்பே" என்றார் சர்வர் அண்ணன். அந்தக் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தின் சர்வரைக் கட்டி மேய்ப்பவர் என்பதால் அந்தப் பெயர். அவரே அடித்துப் பார்த்தார். அதே பதில்.

பக்கத்து மேசையில் அவளுடைய பாஸ்வேர்டைப் போட்டார். சட்டென்று திறந்தது. அப்படியானால் கோளாறு ஆளிடம் இல்லை, கணினியில்.

சர்வருக்குள் நுழையக் கூடாத கணினிகளின் பட்டியலைத் திறந்தார். ஒரே ஒரு வரி. எண் 54. அதைப் போட்டவர் அவரேதான்.

இரண்டு மாதத்துக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை. சர்வரில் வேண்டாத ஃபைல்களை நீக்கும் வாராந்திரச் சுத்தத்தை முடித்து நிமிர்ந்தவரிடம், ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் வரைபடங்கள் மொத்தமும் காணோம் என்று முதலாளி ஓடிவந்தார். எந்தக் கணினியிலிருந்து அழித்தார்கள் என்று சர்வரின் பதிவைப் பார்த்துச் சொன்னது அண்ணன்தான்.

"சத்தியமா நான் தொடல. நீங்களாவது நம்புங்கண்ணே" என்று 54-இல் இருந்த பெண் கதறினாள்.

"மெஷின் பொய் சொல்லாதும்மா" என்றார், எல்லார் முன்னாலும். அன்றே அவளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

தடையை எடுக்குமுன் ஒருமுறை சரிபார்க்கலாமென்று அந்த நாளின் பதிவைத் திறந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். 54 இல்லை. 45.

காது மடல் சுட்டது. பட்டியலில் இருக்கும் அந்த வரியை எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் ஈ காக்கைக்குத் தெரியாது. புதிய வரைவாளர், "சரியாயிடுச்சா அண்ணே?" என்று கேட்டபோது அவளை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

வரியை எடுத்தார். நேரே முதலாளி அறைக்குப் போனார்.

"அன்னைக்கு நம்பரை மாத்திப் படிச்சிட்டேன் சார். அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல."

முதலாளி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அநியாயமா ஒருத்தியை அழவச்சு அனுப்பிட்டோமேய்யா! 45 யாரோட மெஷின்? அவ அழுததைப் பாத்துக்கிட்டு கல்லு மாதிரி நின்னிருக்கானே, கூப்பிடுய்யா அவனை!"

சர்வர் அண்ணன் தலை நிமிரவில்லை.

"உங்க முன்னாலதான் நிக்கிறான் சார்."