உள்ளே போனவர்

கொக்குவிலில் தனியாக இருந்த மீனாம்பிகையின் வீட்டுக்கு மாதாமாதம் புலனாய்விலிருந்து ஒரு விசாரணைக்காரர் வருவார். காணாமல் ஆக்கப்பட்டோர் போராட்டத்தில் யார் யாரோடு கதைத்தாள் என்று பணிவாகக் கேட்பார். சந்தியில் பூட்டியிருந்த கமரா அவள் படலையைப் பார்த்தபடி நின்றது. அதற்குக் கூசி, முற்றத்தில் உடுப்புக் காயப்போடுவதையே விட்டிருந்தாள்.

இந்த முறை அவர் வந்து கதிரையில் உட்காரவில்லை.

"அக்கா, பஞ்சலிங்கம் வந்ததை ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

பஞ்சலிங்கம் அவளுடைய கணவர். யுத்தம் முடிந்த அன்று, அவள் கண் முன்னாலேயே இராணுவத்திடம் சரணடைந்து, பஸ்ஸில் ஏறிக் காணாமல் போனவர்.

"அவர் வரேல்லைத் தம்பி."

விசாரணைக்காரர் போனை நீட்டினார். நேற்றுப் பின்னேரம் ஒருவர் படலையைத் திறந்து உள்ளே போகிறார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. இடது தோளைச் சரித்து நடக்கும் அந்த நடை அவளுக்குத் தெரியும். திரும்பி வெளியே போனதற்குப் படமில்லை என்றார். அவரும் கூட வந்தவர்களும் அறைகள், கிணற்றடி, கோழிக்கூடு வரை தேடினார்கள். ஒருவரும் இல்லை.

அதன்பிறகு விசாரணைக்காரர் வரவில்லை. மீனாம்பிகைக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒருநாள் அவர் வேலை செய்யும் கந்தோருக்கே போனாள்.

"தம்பி, ஒருக்கால் கமராவைப் பாருங்கோ. அவர் வெளியிலை போயிட்டாரோ?"

விசாரணைக்காரர் நெடுநேரம் கணினியைப் பார்த்தார்.

"இல்லை அக்கா. உள்ளைதான் இருக்கிறார்."

வீட்டைப் பூட்டிவிட்டு வந்தது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.