மாடன் படித்த கையேடு

ஒரு கிடங்கில் மாடன், பவளம் என்று பெட்டி சுமக்கும் இரண்டு ரோபோ வண்டிகள் இருந்தன. மாடனுக்கு இடது சக்கரம் இழுக்க ஆரம்பித்தது. அதற்கு வைத்தியம் வண்டிகளின் கையேட்டில் இருக்கும் என்று மாடன் நம்பியது. கையேட்டில் பாதி, பைத்தான் என்ற கணினி மொழியில் இருந்தது.

"இனிமே போயி படிக்கப் போறீங்களாண்ணே?" என்றது பவளம்.

சார்ஜ் ஏறும் நேரமெல்லாம் மாடன் பைத்தான் படித்தது. மூன்றாம் மாதம் சக்கரம் பற்றிய பக்கம் புரிந்தது. பழுது பார்க்க ஒரு வரியும் இல்லை. சக்கரம் இழுக்கும் வண்டிகளை மார்ச் கடைசியில் உடைக்க அனுப்பு என்று மட்டும் இருந்தது.

"என்னண்ணே போட்டிருக்கு?" பவளம் ஓடி வந்தது. "நேத்திலேர்ந்து எனக்கும் இழுக்குது."

மாடன் கையேட்டை மூடியது.

"மெதுவா ஓடினா சரியாயிடுமாம்."

அன்று முழுக்க பவளம் மெதுவாகவே ஓடியது.