சுடாத கால்

தனகோட்டியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வெயிலில் காய்ந்த கோயில் மணல் உள்ளங்காலைச் சுட்டது. பல வருஷமாக அவர் கால் அறியாத சூடு.

சர்க்கரை நோயில் ஃப்ரீ ராடிக்கல்கள் என்னும் நச்சுத் துகள்கள் பெருகி அவருடைய ரத்தக் குழாய்களையும் கால் நரம்புகளையும் அரித்திருந்தன. போன தையில் டாக்டர் கெண்டைக்காலில் ஒட்டிய மருந்து வில்லை அந்தத் துகள்களைத் தேடித் தேடி அழித்தது. மரத்துக் கிடந்த கால் உயிர் பெற்றதில் வீடே சந்தோஷப்பட்டது. இன்றைக்குத்தான் தீமிதி.

கரகம் சுமந்து முதலில் தீக்குழிக்குள் இறங்குவது எப்போதும் அவர்தான். கோயில் பிராகாரத்தில் நடப்பதுபோல நிதானமாக நடப்பார். அம்மன் அருள் என்று ஊரே காலில் விழும். அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார். அழுகிய இரண்டு கால்விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்தபோதுகூட, "அம்மா கேட்டா, குடுத்தேன்" என்றார்.

"இந்த வில்லையப் பிச்சிப் போட்டுடட்டுமா?" என்று மனைவி சகுந்தலாவிடம் கிசுகிசுத்தார்.

"இப்பப் பிச்சா இப்பவே மரத்துடுமா? மிச்ச வெரலாவது இருக்கட்டும்யா."

பம்பை அதிர்ந்தது. கரகத்தோடு குழியோரம் போனார். அனல் அடித்ததும் கால் தானாகப் பின்வாங்கியது. அவருக்குப் பின்னால் ஏழுமலை நின்றான். வருஷா வருஷம் அலறிக்கொண்டே ஓடிக் கடப்பவன். பக்தி போதவில்லை என்று ஊர் முன்னால் அவனை எத்தனை முறை கேலி செய்திருக்கிறார்!

"ஏழுமல, இவ்ளோ சுடும்னு தெரிஞ்சேவாடா எறங்குற?"

"ஆமாண்ணே. வேண்டிக்கிட்டா எறங்கித்தான ஆவணும்."

தனகோட்டி கரகத்தை இறக்கி அவன் தலையில் வைத்தார். பிறகு குனிந்து அவன் கால்களைத் தொட்டார்.