பரிவஷ் தந்த இரண்டு கருக்கள்

"அந்த ஸ்கேன் மெஷின் வழியா நான் வர மாட்டேன். கையால சோதிச்சுக்கங்க," என்று இஸ்ஃபஹான் குடும்ப நீதிமன்ற வாசலில் அடம்பிடித்தாள் பரிவஷ்.

"ஏன்க்கா, போர்த்தியிருக்கற சாதருக்குள்ள கத்தி ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்று சிரித்தாள் அவளுடைய ஓரகத்தி ஷொஹ்ரே. பின்னால் வந்த அண்ணனும் தம்பியும், அதாவது இருவரின் கணவர்களும், சிரிக்கவில்லை.

ஷொஹ்ரேவுக்குத் திருமணமாகி ஒன்பது வருடம். குழந்தை இல்லை. பரிவஷ் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சை எடுத்து ஒரு மகனைப் பெற்றிருந்தாள். மிச்சமிருந்த இரண்டு கருக்களை மருத்துவமனையில் உறைய வைத்திருந்தார்கள்.

இரண்டு மாதம் முன்பு, நவ்ருஸ் புத்தாண்டு விருந்தில், மாமியார் முன்னால் பரிவஷ் சொன்னாள்: "அது ரெண்டும் உனக்குத்தான், கண்ணு."

தருகிறேன் என்று உபசாரத்துக்குச் சொல்வதும், அதை முதலில் மறுப்பதும்தான் அங்கே மரியாதை. ஷொஹ்ரே மூன்று முறை மறுத்தாள். பரிவஷும் விடாமல் வற்புறுத்தினாள். நான்காவது முறை ஷொஹ்ரே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சரிக்கா," என்று அழுதுவிட்டாள். பரிவஷ் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள். பிறகு எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள்.

நீதிமன்றத்துக்குள்ளே, கருவைத் தர அனுமதி கேட்ட மனுவை நீதிபதி படித்து முடித்தார். "பேர் தெரியாதவங்க கரு குடுத்தா பின்னால வம்பு இல்ல. நீங்க ஒரே வீடு. கண்ணு முன்னால வளர்ற பிள்ளைய நாளைக்கு என்னோடதுன்னு சொல்ல முடியாதும்மா. மனசாரக் குடுக்கறீங்களா?"

"என் உயிரைக் கேட்டாலும் குடுப்பேன், ஐயா."

"உயிரெல்லாம் வேணாம். ஆமாவா, இல்லையா?"

ஷொஹ்ரே திரும்பி பரிவஷின் முகத்தையே பார்த்தாள்.

"ஆமா," என்றாள் பரிவஷ்.

அனுமதி கிடைத்தது. படியில் ஷொஹ்ரே குனிந்து அவள் கையை முத்தமிட்டாள். "போதும் விடு, எல்லாரும் பாக்கறாங்க," என்று பரிவஷ் கையை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை உத்தரவோடு ஷொஹ்ரே கணவருடன் மருத்துவமனைக்குப் போனாள். தலைவலி என்று பரிவஷ் வரவில்லை.

"எனக்கு எப்ப வைப்பீங்க?" என்று கேட்டாள் ஷொஹ்ரே.

நர்ஸ் கணினியில் பரிவஷின் பெயரைத் தேடினாள். உத்தரவை ஒரு தடவை பார்த்தாள், திரையை ஒரு தடவை பார்த்தாள்.

"அந்த ரெண்டையும் ஒன்றரை மாசம் முன்னாடியே அவங்க வயித்துலயே வெச்சாச்சேம்மா!"