ஸெமிசி எழுந்து போன பாடங்கள்

"எழுந்து போகாத, ஸெமிசி! இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்!"

லேசியெலி போட்ட சத்தம் எங்கள் தீவுத் தலைநகர் நுகுஅலோஃபாவின் துறைமுகம் வரை கேட்டிருக்கும். சபைக் கூடத்து ஜன்னலடியில் பாய் முடைந்துகொண்டிருந்த எங்களுக்குக் கேட்காமல் போகுமா? கை நின்றது, காது நிமிர்ந்தது.

உள்ளே ஆஸ்பத்திரிப் பதிவறை வேலைக்கான வகுப்பு. படிப்பவர்கள் ஆறு பேர். அதில் பெண் லேசியெலி ஒருத்திதான். பாடம் நடத்தும் லாவினியா டீச்சர், வவாவு தீவிலிருந்து இந்த வருஷம்தான் வந்தாள். வாயில் நுழையாத வைத்திய வார்த்தைகளை மீன் அரிவதுபோல் அரிந்து வைப்பாள்.

"ஹெபட்னா ஈரல். ஐடிஸ்னா வீக்கம். சேருங்க!"

"ஹெபடைடிஸ்! ஈரல் வீக்கம்!"

"நெஃப்ர்னா சிறுநீரகம்..."

"அப்போ நெஃப்ரைடிஸ்!"

ரக்பியில் ஜெயித்த மாதிரி ஆறு பேரும் குதிப்பார்கள். கேட்டுக் கேட்டு எங்களுக்கே பாதி வந்துவிட்டது.

பாடம் தொப்புளுக்குக் கீழே இறங்கியபோதுதான் வம்பு. 'ஹிஸ்டர்' என்றால் கருப்பை என்று டீச்சர் பலகையில் எழுதியதும் ஸெமிசி விருட்டென்று எழுந்து வெளியே போனான். முதல் வாரம் 'ஹிஸ்டரெக்டமி, ஹிஸ்டரெக்டமி' என்று பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தவன்தான். அர்த்தம் பிரிந்ததும் காது சிவந்துவிட்டது.

எங்கள் ஊரில் இதற்கு ஒரே காரணம்தான். அக்கா தங்கச்சி இருக்கும் இடத்தில் ஆண்பிள்ளை அந்தப் பேச்சில் உட்காரமாட்டான். ஒன்றுவிட்டவள், இரண்டுவிட்டவள் எல்லாருமே தங்கச்சிதான்.

ஒரு காலத்தில் வவாவுவில் ஊழியம் பார்த்த எங்கள் போதகரின் ஒரே பிள்ளை ஸெமிசி. ஆறு மாதமாக அவனுக்குத் தேங்காய்ப்பாலில் சேப்பங்கீரை வேகவைத்துக் கொண்டுவருகிறவள் லேசியெலி. ஊர் உடனே உச்சுக் கொட்டியது: "ஐயோ பாவம், உறவு முறையாமே!"

"எங்கம்மா ஏழு தலைமுறை தோண்டிப் பார்த்தாச்சு. உன் குடும்பத்துப் பன்னிக்குட்டி கூட எங்களுக்கு உறவில்லையாம்! நீ ஏன் என்னைத் தங்கச்சி ஆக்குற?" என்று அன்று வழிமறித்தாள் லேசியெலி.

"நீ எனக்குத் தங்கச்சி இல்ல."

"அப்போ உக்காரு!"

"முடியாது."

"ஏன்?"

"சொல்ல முடியாது."

யார் திரும்பிப் பார்த்தாலும் சாக்குக்கட்டி எறிகிற டீச்சர், இவனை மட்டும் எதுவும் கேட்கவில்லை. துடைத்த பலகையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். போதகர் மகனாயிற்றே, பயம் இருக்காதா என்றோம் நாங்கள்.

"திங்கக்கிழமை பரீட்சை. டாக்டர் எல்லாரையும் ஒண்ணா உக்காரவெச்சுக் கேப்பார். அன்னைக்கும் நீ எழுந்தா வேலையும் போச்சு, நானும் போயிட்டேன்!" என்றாள் லேசியெலி.

திங்கட்கிழமை வழக்கத்தைவிட அதிகமாகவே பாய் முடைய ஆள் வந்திருந்தது. லாவினியா டீச்சர் கூடத்துக்குள் கால் வைக்கவில்லை. "எனக்குப் படபடப்பா இருக்கு" என்று எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"ஸெமிசி," என்றார் டாக்டர், "ஹிஸ்டரெக்டமி. பிரிச்சுச் சொல்லு."

லேசியெலி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

நாற்காலி நகரவில்லை.

"ஹிஸ்டர்னா கருப்பை. எக்டமினா வெட்டி எடுக்கறது. கருப்பையை எடுக்கற ஆபரேஷன், ஐயா."

"உக்காந்துட்டான்! உக்காந்துட்டான்!" லேசியெலி துள்ளியதில் அவள் நாற்காலி கவிழ்ந்தது.

"இரும்மா, உன் முறை இன்னும் வரல," என்றார் டாக்டர். ஜன்னலுக்கு வெளியே நாங்கள் கைதட்டியது அவருக்கு ஏன் என்றே புரியவில்லை.

இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. டிசம்பரில் கல்யாணம். அதற்கு ஒரு வாரம் முன்னால் போதகர் மட்டும், அவசர ஊழியம் என்று சொல்லி ஆக்லாந்துக்குக் குடிபோய்விட்டார்.

என்ன அவசரம் என்று கல்யாணத்தன்றுதான் தெரிந்தது: எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளையின் மூத்த அக்காவுக்கென்று ஸெமிசியே விரித்துவைத்த மரியாதைப் பாயில், தலை நிமிர்ந்து வந்து உட்கார்ந்தாள் லாவினியா டீச்சர்.