பதிவு எண் இல்லாத கார்

“டார்ச்சை ஆட்டாமப் பிடி!” என்றது காருக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

“கை வலிக்குது” என்றது டார்ச் இருந்த பக்கத்துக் குரல்.

“அப்ப போய் கெட்டிலைப் போடு. டீயாவது ஒழுங்கா வருதான்னு பாப்போம்.”

ஒன்பது வருடமாக அந்த கராஜில் கணவனுக்கும் மனைவிக்கும் தினமும் நடந்த பேச்சுதான் அது. மறுநாள் காலை, தபால் ஆபீஸ் வரிசையில் நின்றபடியே மனைவி கிளெண்டா சரிந்து விழுந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஏழு வாரம் கழித்து, எழுபத்தொரு வயதில், நெவில் ஹேலம் தன் வாழ்க்கையின் முதல் மோசடிக்குத் தயாரானார்.

பெல்பர் ஊர் நூலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். புத்தகத்தைத் தாமதமாகக் கொண்டுவருகிறவர்களிடம் அபராதம் கேட்பதற்கே நாக்குக் குழறும். அப்படிப்பட்ட மனிதர் இன்ஷூரன்ஸ் கம்பெனியை ஏமாற்றக் கிளம்பிவிட்டார்! கிளெண்டா இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள்.

வேறு வழியில்லை. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கராஜிலேயே கட்டிய அந்தக் காருக்கு அரசாங்கப் பரிசோதனை. அந்தத் தேதியை வாங்கி, காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டு வைத்தவள் கிளெண்டா. பரிசோதனையில் தேறினால்தான் காருக்குப் பதிவு எண். இன்ஷூரன்ஸ் இருந்தால்தான் பரிசோதனைக்கே அதை ஓட்டிக்கொண்டு போகலாம். இல்லையென்றால், இரண்டு பேரின் ஒன்பது வருடமும் கராஜிலேயே துருப்பிடிக்க வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை மதியம் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து பிரிண்ட்லி வந்தார். கையில் படிவம், கண்ணில் சந்தேகம். நம்பர் பிளேட் இல்லாத அந்தப் பச்சைக் காரை இரண்டு முறை சுற்றி வந்தார். சட்டகத்தில் பொறித்திருந்த எண்ணைக் குறித்துக்கொண்டார். அதை வைத்துத்தான் பாலிஸி. பிறகு மூலையில் இருந்த பெட்ரோல் கேனைப் பார்த்தார். அதையும் குறித்துக்கொண்டார்.

“நீங்களே கட்டினதுதானே, மிஸ்டர் ஹேலம்? கட்டினவங்களுக்கு மட்டும்தான் எங்க பாலிஸி. பட்டறையில குடுத்து வாங்கினதுன்னா கிடையாது.”

“வெளியாள் கை ஒரு திருகாணியில கூடப் பட்டதில்லைங்க.”

“பில் எல்லாம் உங்க மனைவி பேர்ல இருக்கே?”

“எங்க வீட்டுல பர்ஸ் அவ கையிலதான். உங்க வீட்டுல எப்படி?”

பிரிண்ட்லி பேச்சை மாற்றினார். “ஓவரால் ரொம்ப இறுக்கமா இருக்கே?”

நெவில் போட்டிருந்த அந்த வேலை உடுப்பில், தொப்பைக்கு மேல் இரண்டு பொத்தான்கள் போட முடியாமல் திறந்து கிடந்தன. “துவைச்சதுல சுருங்கிடுச்சு” என்றார். பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்டார். “இது தீப்பிடிச்சா பணம் வருமாங்க?”

பிரிண்ட்லியின் பேனா நின்றது.

“எதுக்குக் கேக்கறீங்க?”

“சும்மாதான். ஸ்டார்ட் பண்ணும்போது எது வேணா நடக்கலாமில்ல?”

“பன்னிரண்டு வருஷ சர்வீஸ்ல இந்தக் கேள்வியை என்கிட்ட நாலு பேர் கேட்டிருக்காங்க. அதுல மூணு கார் ஒரே மாசத்துல சாம்பலாயிடுச்சு. அந்த மூணு பேரும் இப்ப உள்ள இருக்காங்க.”

நெவில் அவசரமாக டீக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார்.

பிரிண்ட்லி என்ஜின் மூடியைத் திறந்து குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. “பேட்டரி முனை லேசா ஆடுது. ஒரு இறுக்கு இறுக்கிடுங்க.”

நெவில் ஸ்பேனரை எடுத்தார். நட்டில் மாட்டினார். பிரிண்ட்லி அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“டீ ஆறிடும், முதல்ல குடிங்க” என்றார் நெவில். “கஸ்டர்ட் கிரீம் பிஸ்கட்டும் இருக்கு.”

பிஸ்கட்டோடு ஒரு ஆல்பத்தையும் நீட்டினார். வெறும் சட்டகமாக இருந்த நாள் முதல் பச்சை வண்ணம் பூசிய நாள் வரை நாற்பது படங்கள். நாற்பதிலும் நெவில். கையில் ஸ்பேனர், மூக்கில் கிரீஸ், வாயெல்லாம் சிரிப்பு.

மூன்றாவது பிஸ்கட்டில் பிரிண்ட்லியின் முகம் இளகியது.

“எரிக்கப் போற ஆளு இப்படி ஆல்பம் போட மாட்டான். உங்களைத் தப்பா நெனைச்சிட்டேன். அந்த வயரிங் இருக்கே, அடடா! உங்க கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வாசல்வரை போனவர் திரும்பினார். “எல்லாப் படத்துலயும் நீங்கதான் இருக்கீங்க. யார் எடுத்தது?”

“என் மனைவி.”

அன்று மதியம் அவர் யோசிக்காமல் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

நெவில் கராஜுக்குத் திரும்பி, ஓவராலைக் கழற்றி அவளுடைய ஆணியிலேயே மாட்டினார். ஒவ்வொரு படத்துக்கும் காருக்கு அடியிலிருந்து அவள்தான் எழுந்து வருவாள். அவர் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக் கீழே வைப்பாள். ஸ்பேனரைத் திணிப்பாள். தன் விரலில் இருந்த கிரீஸை அவர் மூக்கில் தடவி, “சிரி” என்பாள். படம் எடுத்ததும் ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி காருக்கு அடியில் போய்விடுவாள்.

பேட்டரி நட்டில் ஸ்பேனர் மாட்டியபடியே இருந்தது.

அதை எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்பது நெவிலுக்கு இன்றுவரை தெரியாது.