தடுக்கப்பட்டவை

"அப்பா, பத்து மணிக்கு க்ளாஸ். இன்னும் உள்ளயே விடமாட்டேங்குது!"

மகள் கத்தியதும், சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி அவர் கணினி முன்னால் வந்து உட்கார்ந்தார்.

பத்துப் பன்னிரண்டு ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் பார்ப்பவர். சொந்த வீட்டிலும் ஒரு ப்ராக்ஸி வைத்திருந்தார். வீட்டுக் கணினியிலிருந்து எது வெளியே போவதானாலும் அதனிடம் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். மகளுக்குப் பதிமூன்று வயதானபோது, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்த ஏற்பாடு. தேடினால் தடுக்கவேண்டிய ஆகாத சொற்களையெல்லாம் அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தட்டிச் சேர்த்தார்.

இப்போது அவள் கல்லூரி மாணவி.

பிரவுசருக்குச் சொல்லிவைத்தால் மட்டும் போதாது. க்ளாஸ் நடத்தும் மென்பொருளுக்கும் தனியாகச் சொல்லவேண்டும். அதன் செட்டிங்கில் ப்ராக்ஸியின் முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுத்தார். அப்படியும் நகரவில்லை. எங்கே முட்டுகிறது என்று பார்க்க, இதுவரை தடுக்கப்பட்டவற்றின் பட்டியலைத் திறந்தார்.

நாலைந்து வருடக் கதை அதில் இருந்தது. சினிமாப் பாட்டு. விளையாட்டு. பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் இருபத்தேழு முறை விளையாட்டு.

கழுதை, என்று சிரித்துக்கொண்டார்.

அதற்குக் கீழே ஒரு வரி. செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால்.

அந்த நேரத்தில் மகள் பள்ளியில் இருந்திருப்பாள். அவர் வேலையில். வீட்டில் இருந்தது மனைவி மட்டும்தான். அவளிடம் இருந்ததோ பேச மட்டும் உதவும் பழைய போன்.

தேடியது: மார்பு கட்டி வலி இல்லை.

தடுத்த சொல்: மார்பு.

புதன். மார்பு கட்டி தானா கரையுமா.

வியாழன். மார்பு கட்டி எந்த டாக்டர்.

தேதியைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். அவள் அவரிடம் வாய்திறந்து சொல்வதற்குப் பதினான்கு மாதம் முன்பு.

ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று டாக்டர் கையை விரித்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பேர் நடுவில், அவர் அவளைத் திட்டினார்.

"படிச்சவதானே நீ? எங்கயாவது, யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிவரைக்கும் எதுவும் சொல்லவில்லை. அவள் போய் எட்டு மாதம் ஆகிறது.

உள்ளே தலைவாரிக்கொண்டிருந்த மகள், "வந்துடுச்சாப்பா?" என்றாள்.

அவர் பட்டியலை இன்னும் ஒரு வரி நகர்த்தினார். வெள்ளிக்கிழமை, அதே பதினொன்றேகால். அதற்குப் பிறகு அந்த நேரத்தில் எந்த வரியும் இல்லை.

தேடியது: ப்ராக்ஸி நீக்குவது எப்படி.

அந்தச் சொல்லையும் அவர்தான் சேர்த்திருந்தார். மகள் கற்றுக்கொண்டுவிடக் கூடாதே என்று.